தலைவர் தள்ளிய சைக்கிள்

அந்தக் காலத்தில் காலையில் ஆபீஸ் நேரத்துக்குப் புதுக்கோட்டை வடக்கு ராஜ வீதியில் நின்று பார்த்தால் என் வீட்டுக்காரர் வருவது தெரியும். சலவை வேட்டி, முழுக்கைச் சட்டை, நெற்றியில் திருநீறு. பளபளவென்று துடைத்த பச்சை நிறச் சைக்கிளை இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளிக்கொண்டு வருவார். எதிரே ஆள் வந்தால் மணி அடிப்பார். மாடு வந்தாலும் மணி அடிப்பார். ஆள் விலகும், மாடு விலகாது. அது விலகும்வரை நின்று, அப்புறம் தள்ளுவார்.

தெரு திரும்பும் இடத்தில் பின்னால் ஏதாவது வருகிறதா என்று கழுத்தைத் திருப்பிப் பார்ப்பார். எந்தப் பக்கம் திரும்பப் போகிறார் என்று கையை நீட்டிக் காட்டுவார். ஒரு கையை எடுத்ததும் சைக்கிள் சாயும். அவசரமாகப் பாய்ந்து பிடித்துக்கொள்வார்.

திருக்கோகர்ணத்தில் எங்கள் வீடு. அங்கிருந்து ஊருக்குள் இருக்கும் ஆபீஸ் வரை இதே நடை, சாயங்காலம் திரும்பி வரும்போதும் இதே நடை. மழைக்காலத்தில் சைக்கிளின் ஸீட்டுக்குக் குடையைப் பிடித்துவிட்டுத் தான் நனைந்து வந்த நாளும் உண்டு.

அவர் அதை ஓட்டி யாரும் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. அவருக்குச் சைக்கிள் விடத் தெரியாது.

போன வாரம் எழுதியதில் என் கல்யாணப் பந்தலில் உங்களை உட்கார வைத்துவிட்டு வந்துவிட்டேன். சாப்பாட்டைப் பற்றி அத்தனை எழுதிவிட்டுச் சீரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று என் மகளே கோபித்துக்கொண்டாள். சீர் என்று பெரிதாக வந்தது இந்தச் சைக்கிள்தான்.

கேட்காமல் விட்ட கேள்வி

சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. கீரமங்கலத்தில் எங்கள் அப்பாவுக்குப் பூக்கொல்லையும் பத்துப் பதினைந்து பலா மரமும் இருந்தன. மாப்பிள்ளை கவர்ன்மெண்டு ஆபீஸ் குமாஸ்தா என்றதும் அப்பா பாதி மயங்கிவிட்டார். பேச்சு முடிகிற சமயத்தில் அவர்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "மாப்பிள்ளை ஆபீஸ் போய் வர ஒரு சைக்கிள் வாங்கிக் குடுத்துருங்க" என்றார். அப்பா உடனே சரி என்றார்.

ஜாதகம் பார்த்தார்கள். குலதெய்வம் எது என்று கேட்டார்கள். பெண்ணுக்குப் பாடத் தெரியுமா என்று கேட்டார்கள். மாப்பிள்ளைக்குச் சைக்கிள் விடத் தெரியுமா என்று மட்டும் அந்தக் கூடத்தில் இருந்த யாரும் கேட்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் ஒன்றைக் கேட்டால் பெண் வீட்டார் எதிர்க்கேள்வி போடுகிற வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. மாப்பிள்ளை அங்கேயேதான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போதே சொல்லியிருக்கலாமே என்று பிற்பாடு கேட்டேன்.

"பெரியவங்க பேசிக்கிட்டு இருக்கையில நான் எப்புடி நடுவுல பூந்து பேசுறது?" என்றார்.

வேடிக்கை என்னவென்றால், எங்கள் இருவரில் சைக்கிள் விடத் தெரிந்த ஆள் நான்தான். பூக்கொல்லைக்காரர் வீட்டில் விடிவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும். பறித்த பூ வெயில் ஏறுவதற்குள் கடைவீதிக்குப் போயாக வேண்டும். ஒரு மல்லிகைக் காலத்தில் அப்பா காய்ச்சலில் படுத்துவிட்டார். அண்ணன் தம்பி எனக்குக் கிடையாது. சைக்கிள் சட்டத்துக்குள் ஒரு காலை விட்டு அரைப்பெடல் போட்டுப் பழகியிருந்த நான், பின்னால் கூடையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். திரும்பி வந்தபோது அம்மா திட்டினாள். மறுநாள் அவளே கூடையைத் தூக்கிக் கட்டினாள்.

பலாப்பழக் காலத்தில் பழத்தையும் ஏற்றி ஓட்டியிருக்கிறேன். ஒரு பெரிய பழத்தைக் கேரியரில் கட்டிவிட்டால் சைக்கிளின் முன்சக்கரம் மேலே தூக்கும். அதை அடக்கி ஓட்டத் தெரிந்தவளுக்கு மற்றதெல்லாம் சுலபம். வயசுக்கு வந்த பிறகு சைக்கிளைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஆனாலும் பூ அதிகமாக விளைந்த நாட்களில் அப்பா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார்.

கல்யாணம் முடிந்து மாட்டு வண்டியில் புதுக்கோட்டைக்கு வந்தோம். வண்டிக்குள் நான், வண்டிக்குப் பின்னால் கயிற்றில் கட்டிய சைக்கிள்.

வேட்டிக் கறை

அவருக்கு விடத் தெரியாது என்பதை அவர் சொல்லி நான் தெரிந்துகொள்ளவில்லை. துணி துவைக்கும்போது தெரிந்துகொண்டேன். வேட்டியின் ஓரத்தில் கறுப்பாக எண்ணெய் மை. சைக்கிள் ஓட்டுகிறவர் எப்போதும் இடது பக்கமாக நிற்பார், இடது பக்கமாகத்தான் ஏறுவார், இறங்குவார். செயின் இருப்பது வலது பக்கம். தினமும் வேட்டியில் மை ஒட்டுகிறது என்றால் இந்த மனுஷர் வலது பக்கமாக நின்று தள்ளிக்கொண்டு போகிறார் என்று அர்த்தம்.

"ஏங்க, சைக்கிள் விடத் தெரியுமா ஒங்களுக்கு?" என்று நேராகவே கேட்டேன்.

துவைக்கிற கல்லைப் பார்த்துக்கொண்டு, "தள்ளத் தெரியும்" என்றார்.

நான் சிரித்திருக்கக் கூடாது. சிரித்துவிட்டேன். அவரும் சிரித்துவிட்டார். அன்றிலிருந்துதான் எங்களுக்குள் பேச்சு சகஜமானது.

ஊருக்கு வெளியே ஒரு பொட்டலுக்கு ஒரு நாள் விடியற்காலையில் கூட்டிக்கொண்டு போனேன். நான் பின்னால் பிடித்துக்கொண்டேன். அவர் ஏறி உட்கார்ந்தார். ஏறிய கையோடு கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. மூக்குக் கண்ணாடி ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு சொன்னார்: "காலு ரெண்டும் தரைய விட்டுருச்சுன்னா எனக்கு உசுரே இல்ல விசாலம். என்னைய விட்டுரு."

விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம், சைக்கிளுக்கு இடது பக்கமாக நின்று தள்ளச் சொல்லிக் கொடுத்ததுதான். வேட்டியாவது தப்பித்தது.

ஊருக்கு ஒரு தலைவர் கிடைத்தார்

ஏன் தள்ளிக்கொண்டு போகிறீர்கள் என்று வழியில் யாராவது கேட்டால் என்ன சொல்வது? முதல் நாளே ஒருவர் கேட்டிருக்கிறார். இவர் வாயில் வந்ததைச் சொல்லியிருக்கிறார். "சனம் சாஸ்தியா நடமாடுற எடம். யாரு மேலயாச்சும் பட்டுட்டா என்னங்க பண்றது?"

கேட்டவர் அப்படியே நின்றுவிட்டாராம். அந்தக் காலத்தில் ஊரில் வாடகைச் சைக்கிள் கடைகள் பெருத்துவிட்டன. மணி இல்லாமல், பிரேக் இல்லாமல், ஒரு சைக்கிளில் மூன்று பேர் தொற்றிக்கொண்டு ராஜ வீதிகளில் பறந்துகொண்டிருந்தார்கள். அதற்கு நடுவே சொந்தச் சைக்கிளை வைத்துக்கொண்டும் ஜனங்களுக்காகத் தள்ளிக்கொண்டு போகிற ஒருவர். பேச்சு பரவிவிட்டது. பிள்ளைகளை அதட்டும் தாய்மார்கள் கூட, "அந்த ஆபீஸ்காரரப் பாத்துப் படிங்கடா" என்றார்களாம்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். சமஸ்தானம் இருந்தவரை எங்கள் ஊரில் பட்டமும் பதவியும் ஏராளம். சமஸ்தானம் போன பிறகு ஊர் திருச்சி ஜில்லாவோடு ஒட்டிக்கொண்டது, அதிகாரமெல்லாம் திருச்சிக்குப் போய்விட்டது. ஆனால் தலைமை தாங்கிப் பழகியவர்கள் இங்கேயே இருந்தார்கள். அவர்களுக்கு வேலை வேண்டுமே! அதனால் சபைகள் பெருகின. பசு பாதுகாப்புக்கு ஒரு சபை, குளம் பாதுகாப்புக்கு ஒரு சபை. மூன்று பேர் சேர்ந்து காபி குடித்தால் அதற்குள் ஒரு செயலாளர் இருப்பார்.

ரைஸ்மில் முதலாளி ஒருவர் ஜட்காவிலிருந்து இறங்கும்போது வாடகைச் சைக்கிள் ஒன்று வந்து அவர் காலில் ஏறியது. கணுக்கால் வீங்கிப் படுத்திருந்த நாட்களில் அவருக்கு யோசனை பிறந்தது. கட்டுப் பிரித்த வாரமே சைக்கிள் பாதுகாப்புச் சபை தொடங்கிவிட்டார். அவரோடு ஒரு வக்கீல், ஒரு ரிட்டையர்டு டாக்டர். வக்கீலுக்குக் குதிரை வண்டி உண்டு. டாக்டருக்கு மோட்டார் கார் உண்டு. மில்காரருக்கு இரண்டும் உண்டு. சைக்கிள் வைத்திருக்கிற ஒருவர் தலைவராக இருந்தால் நன்றாயிருக்கும் என்று வக்கீல் சொன்னார். நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

"எனக்கு அவ்வளவு அனுபவம் பத்தாதுங்க" என்று இவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"இத்தன வருசமா ஒரு ஆக்ஸிடெண்டு உண்டா ஒங்களால? அதச் சொல்லுங்க மொதல்ல" என்றார் மில்காரர்.

இல்லை என்றுதான் சொல்ல முடியும். மாலை போட்டுவிட்டார்கள்.

தலைவர் என்றால் பேச வேண்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும், சந்தைக்கு வருகிறவர்களுக்கும், வாடகைச் சைக்கிள் கடைக்காரர்களுக்கும். என்ன பேசுவது? நான்தான் எழுதிக் கொடுத்தேன். இருட்டில் விளக்கில்லாமல் ஓட்டாதே. டபுள்ஸ் ஏற்றாதே. வேட்டியை மடித்துக் கட்டு. திரும்புமுன் பின்னால் பார். இறக்கத்தில் முன் பிரேக்கை மட்டும் பிடிக்காதே, தலைகுப்புற விழுவாய்.

அந்தக் கடைசி வரிக்கு எல்லாக் கூட்டத்திலும் கைதட்டல். பட்டறிந்த மனுஷர் சொல்கிறார் என்று பேசிக்கொள்வார்கள். பட்டறிந்தது நான். கீரமங்கலத்து வாய்க்கால் கரையில் விழுந்த தழும்பு இன்னும் என் முழங்கையில் இருக்கிறது.

வல்லத்திராக்கோட்டைக்குப் போகிற பஸ்

கல்யாணத்துக்கு முன்பே நான் டீச்சர் டிரெயினிங் முடித்திருந்தேன். காத்துக் காத்து ஒரு வழியாக ஆர்டர் வந்தது. வல்லத்திராக்கோட்டையில் ஆரம்பப் பள்ளி, ஒன்றாம் வகுப்பு. அந்த வேலை எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று இன்றைக்குச் சொன்னால் யாருக்கும் புரியாது. மணலில் விரல் பிடித்து 'அ' எழுத வைத்தால், அந்தப் பிள்ளை அதைத் தன் காலாலேயே அழித்துவிட்டு, "டீச்சர், அழிஞ்சு போச்சு, இன்னொருக்கா போடுங்க" என்று மடியில் வந்து உட்காரும். எனக்கென்று ஒரு இடம் உலகத்தில் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

பஸ்தான் எமனாக வந்தது. அந்தப் பக்கம் போகிற காலை பஸ் நேரத்துக்குக் கிளம்பாது, ஆள் நிறைந்தால் கிளம்பும். ஆள் நிறைந்த பிறகு கண்டக்டர் இறங்கி டீ குடிக்கப் போவார். நான் போய்ச் சேரும்போது பிரேயர் முடிந்து, முதல் பாடமும் முடிந்திருக்கும். என் வகுப்புப் பிள்ளைகள் வேப்பமரத்தில் ஏறி உட்கார்ந்திருப்பார்கள்.

ஹெட்மாஸ்டர் கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்கும் மேலே ஆள் இருந்தார்கள். "தீவாளி லீவு முடிஞ்சும் இப்புடியேதான் வருவீங்கன்னா, எனக்கு வேற வழி இல்லம்மா. வேற டீச்சர் வேணும்னு எழுதிப் போட்டுருவேன்" என்றார்.

அங்கேயே வீடு பார்த்துக்கொண்டு போகலாம் என்றால் இவர் ஆபீஸ் இங்கே. அன்று வீட்டுக்கு வந்ததும் கூடத்தில் சாத்தியிருந்த சைக்கிளைப் பார்த்தேன். இரண்டு சக்கரமும் ரொம்ப ஒழுங்காகத் தேய்ந்திருந்தன.

"நாளையிலேர்ந்து சைக்கிள நான் எடுத்துக்கிட்டுப் போறேங்க" என்றேன்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை எடுத்துவிட்டார். "பொம்பள சைக்கிள்ல போறதா? அதுலயும் சபைத் தலைவரு வீட்டுப் பொம்பள. ஊரு என்ன பேசும் விசாலம்?"

"தலைவரே சைக்கிள்ல போறதில்ல. அத ஊரு என்ன பேசுச்சு?"

அவருக்கு முகம் சுண்டிவிட்டது. எனக்கும் வாய் நிற்கவில்லை. "எங்கப்பா வாங்கிக் குடுத்த சைக்கிள நீங்க கையப் புடிச்சுக் கோயிலுக்குக் கூட்டிக்கிட்டுப் போற மாதிரி கூட்டிக்கிட்டுப் போறீங்க. எனக்கு வேல போகப் போகுதுங்க. ஒங்களுக்கு மாலை போகக் கூடாது, அதானே?"

அவர் எழுந்து கை கழுவிவிட்டார். மூன்று நாள் எங்களுக்குள் பேச்சு இல்லை. நான் செய்ததில் எனக்குக் கொஞ்சமும் வருத்தம் இல்லை, கோபம்தான் இருந்தது. ஊரெல்லாம் சொல்லிக் கொடுப்பதற்கு நான் எழுதிய வார்த்தை வேண்டும், நான் ஓட்டுவதற்கு மட்டும் ஊர் குறுக்கே நிற்குமா?

நாலாம் நாள் விடிகாலையில், அவர் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில், சைக்கிளை எடுத்துக்கொண்டு பொட்டலுக்குப் போனேன். கண்டாங்கிச் சேலையைப் பின்கொசுவம் வைத்துக் கட்டி, முந்தானையை இடுப்பில் இறுக்கச் செருகியிருந்தேன். ஒரு கல்லின் மேல் ஏறி நின்று ஸீட்டில் உட்கார்ந்து உந்தினேன். முதலில் தடுமாறியது. இரண்டாவது சுற்றில் உடம்புக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. அந்தக் காற்று மூஞ்சியில் பட்டதும் எனக்குச் சத்தமாகச் சிரிக்க வேண்டும் போல இருந்தது. சிரித்தேன்.

அதைப் பால்காரர் ஒருவர் பார்த்துவிட்டார். ஊருக்குள் பால் போய்ச் சேருமுன்பே சேதி போய்ச் சேர்ந்துவிட்டது.

காபி ஆறிய கூட்டம்

அந்த ஞாயிற்றுக்கிழமை சபையின் அவசரக் கூட்டம். வழக்கம்போல எங்கள் வீட்டுக் கூடத்தில்தான். நான் சமையல்கட்டில் காபி கலந்துகொண்டிருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது. என் காதில் விழட்டும் என்றே பேசினார்கள்.

மில்காரர் ஆரம்பித்தார். "பொம்பளைக சைக்கிள் விடுறது அவுகளுக்கே ஆபத்து. சேலை செயின்ல சிக்குச்சுன்னா என்ன ஆகும்? நகர எல்லைக்குள்ள அத அனுமதிக்கக் கூடாதுன்னு ஒரு தீர்மானம் போட்டு, பள்ளிக்கூட மேலதிகாரிகளுக்கும் ஒரு நகல் அனுப்பிச்சுரலாம்."

நகல் போனால் என் வேலை அன்றோடு சரி. டம்ளர்களை அடுக்கிய தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கதவருகே வந்து நின்றேன்.

டாக்டர் சொன்னார், பெண்களின் தேக அமைப்புக்கு ஒத்துவராது என்று. வக்கீல் சொன்னார், சட்டத்தில் தடை இல்லைதான், ஆனால் சட்டம் எழுதியவர்கள் இப்படி ஒன்று நடக்கும் என்று நினைத்திருக்க மாட்டார்கள் என்று. சைக்கிளில் ஒரு நாளும் கால் வைக்காத மூன்று பேர், ஓட்டுகிறவளுக்கு என்னென்ன ஆகும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"தலைவரு ஒண்ணுமே சொல்லலையே" என்றார் வக்கீல். "வீட்டு விசயம்னு கூச்சப்படாதீங்க. இவ்வளவு அனுபவம் உள்ளவரு, நீங்க ஒரு வார்த்த சொன்னீங்கன்னா அதுதான் முடிவு."

 அவர் சரி என்று சொல்லப் போகிறார் என்றே நினைத்தேன். மூன்று பேர் பேசும்போது நடுவில் புகுந்து பேசாத மனுஷர் அவர். சரி என்றால் மாலை தங்கும். நான் தட்டை அடுப்பு மேடையில் வைத்துவிட்டேன்.

"எனக்கு அனுபவம் கெடையாதுங்க" என்று அவர் குரல் கேட்டது. "எனக்குச் சைக்கிள் விடத் தெரியாது."

யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள்.

"ஒரு நாளும் விட்டதில்ல. பயம். அதான் தள்ளிக்கிட்டுப் போறேன். நான் ஊர் ஊராப் பேசுனது பூரா அவ எழுதிக் குடுத்தது. இந்த வீட்டுல சைக்கிள் விடத் தெரிஞ்ச ஆளு அவ ஒருத்திதான். அவ பாத்துப் போவா. தீர்மானமெல்லாம் வேணாம்ங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கல்யாணப் பேச்சின்போது வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தவர், மாலை போட்டபோது கும்பிட்டு மட்டும் நின்றவர், எனக்காக அத்தனை பேர் முன்னால் மானத்தைக் கழற்றி வைத்துவிட்டார். இந்த மனுஷரையா மூன்று நாள் பேசாமல் படுத்தினேன் என்று தோன்றியது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

 கூடத்தில் மில்காரர் தன் தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

"பாத்தீங்களா! பாத்தீங்களா! என்னா அடக்கம்!"

"சம்சாரத்துக்கு உத்தியோகம் கெட்டுறக் கூடாதுன்னு தன்னையே தாழ்த்திக்கிறாரு" என்றார் வக்கீல். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இல்லங்க, நெசமாவே எனக்கு..." என்று இவர் ஆரம்பித்தார்.

"போதும்ங்க, போதும். எங்களுக்கு வெளங்கிருச்சு" என்றார் மில்காரர். "நாட்டுல இப்புடி ஒரு தலைவரு எங்க இருக்காரு?"

தீர்மானம் கைவிடப்பட்டது. ஆனாலும் ஒன்றுமே செய்யாமல் கலைவது சபைக்கு அழகில்லை அல்லவா? பெண்கள் ஓட்டுவதாயிருந்தால் ஒரு பரீட்சை தேற வேண்டும் என்று முடிவு செய்தார்கள். பரீட்சை வைக்க யார் தகுந்தவர்? தலைவரைத் தவிர வேறு யார்? காபி அதற்குள் ஆறிவிட்டது. மறுபடியும் சுட வைத்துக் கொடுத்தேன்.

பரீட்சை

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே பொட்டல். டாக்டரின் காரில் மூவரும் வந்து இறங்கினார்கள். மில்காரர் கையோடு ஒரு வாடகைச் சைக்கிளும் வரவழைத்திருந்தார்.

"தலைவரு இதுல முன்னாடி ஓட்டிக் காட்டட்டும். அம்மா பின்னாடியே வந்து அதே மாதிரி ஓட்டட்டும்" என்றார்.

"எனக்குத் தெரியாதுன்னு அன்னைக்கே சொன்னேனேங்க" என்றார் இவர்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். மில்காரர் வாடகைச் சைக்கிளின் ஹாண்டிலை இவர் கையில் திணித்தார்.  சொன்னதை நம்பாவிட்டால் போகட்டும், இதில் ஏறினால் கை கால் போய்விடுமே என்று எனக்குத் திக்கென்றது.

"தலைவரு முன்னாடி போனா, பின்னாடி நான் எப்புடி ஓட்டுறேன்னு அவருக்கு எப்புடித் தெரியும்?" என்றேன். "பரீட்சை வைக்கிறவரு கூடவே இருந்து பாக்கணும்ல? கேரியர்ல ஒக்காந்து வரட்டும்."

டாக்டர் தலையாட்டினார். வக்கீலுக்குத்தான் சந்தேகம். "டபுள்ஸ் கூடாதுங்கறது நம்ம சபையோட விதியாச்சே?"

"பரீட்சைக்கு விதிவிலக்கு" என்றார் மில்காரர். வக்கீல் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

நான் கல்லில் காலை ஊன்றிச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டேன். இவர் பின்னால் வந்து இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்கார்ந்தார். ஸீட்டுக்கு அடியில் இருந்த ஸ்பிரிங்கை அவர் பிடித்த பிடியில் சைக்கிளே நடுங்கியது.

"கண்ண மூடாதீங்க. என் முதுகப் பாருங்க" என்று மெல்லச் சொன்னேன்.

உந்தினேன். முதல் இரண்டு மிதிப்பு கனமாக இருந்தது. ஆள் வற்றல்தான், எங்கள் ஊர்ப் பலாப்பழத்தை விடக் கொஞ்சம்தான் கனம். ஆனால் பலாப்பழம் நெளியாது. இவர் நெளிந்தார். அடக்கி ஓட்டினேன். பொட்டலை ஒரு சுற்று, எதிர்த்திசையில் ஒரு சுற்று. திரும்பும் இடத்தில் பின்னால் பார்த்தேன், கையை நீட்டிக் காட்டினேன்.

இரண்டாவது சுற்றில் பின்னால் நெளிவது நின்றுவிட்டது.

"விசாலம்" என்றார்.

"என்னங்க?"

"காலு தரையில இல்ல."

"தெரியுது."

"நல்லாத்தான் இருக்கு."

இறங்கியதும் பரீட்சகர் தீர்ப்புச் சொன்னார்: "தேறிட்டாங்க." அவர் குரல் ஆடியது. பெருமிதத்தில் ஆடுகிறது என்று டாக்டர் வக்கீலிடம் சொன்னார்.

திங்கட்கிழமை

தீபாவளி லீவு முடிந்த திங்கட்கிழமை காலையில் நான் கிளம்பினேன். கீழ ராஜ வீதியில் கடைக்காரர்கள் வெளியே வந்து நின்று பார்த்தார்கள். ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவர் ஏதோ சொன்னார், காற்றில் காதில் விழவில்லை. மற்றபடி ஊர் பேசியதெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: தலைவர் எவ்வளவு நன்றாகச் சம்சாரத்துக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்! வல்லத்திராக்கோட்டை ஹெட்மாஸ்டரும் அதையேதான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் அதைச் சொன்னபோது பிரேயர் மணி இன்னும் அடிக்கவில்லை. என் பிள்ளைகள் மரத்தில் ஏறாமல் என்னைச் சுற்றி நின்று சைக்கிள் மணியை மாற்றி மாற்றி அடித்துக்கொண்டிருந்தார்கள். அதனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அவர் எனக்கு முன்பே வந்திருந்தார். கையை வீசி நடந்ததில் சீக்கிரம் வந்துவிட்டாராம். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"ஆபீஸ்ல எல்லாரும் கேட்டாங்க, சைக்கிள் எங்கன்னு" என்றார்.

"என்ன சொன்னீங்க?"

"அது அவ சைக்கிள், அவ ஓட்டிக்கிட்டுப் போயிருக்கா, எனக்கு ஓட்டத் தெரியாதுன்னு சொன்னேன்."

"நம்புனாங்களா?"

"எங்க நம்புனாங்க? தலைவரு இப்பச் சைக்கிளத் தொடுறதக் கூட விட்டுட்டாரு, அதான் எல்லாத்தையும் விடப் பாதுகாப்புன்னு பேசிக்கிறாங்க. அடுத்த கூட்டத்துல அதுக்கு ஒரு மாலை போடப் போறாங்களாம்."

அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எத்தனை தடவைதான் அந்த மனுஷர் உண்மையைச் சொல்வார்!

"போட்டா வாங்கிக்கங்க" என்றேன். "காலையில எனக்கு ஸ்கூல் இருக்கு. பின் சக்கரத்துல காத்து கொறையுது, அடிச்சு வைங்க."

பம்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.